மார்பகப் பரிசோதனைக்கு முதல் தடவை போகும் மலையகப் பெண்களுக்கு

எங்கள் சின்னம்மா தன் கட்டியை முதலில் காட்டியது வைத்தியரிடம் இல்லை, என்னிடம்தான். அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து, என் விரலைப் பிடித்துச் சட்டைக்கு மேலாகவே வைத்தார். ஊறப்போடாத கடலை மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிச்சிருந்தா எப்பவோ போயிருப்பேனே" என்றார். கொழுந்துச் சாக்கைத் தூக்கும்போது இடிபட்டது, தானாகக் கரைந்துவிடும் என்று நினைத்துப் பதினொரு மாதம் இருந்திருக்கிறார்.

அந்தப் பதினொரு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. இடிபட்டதால் புற்றுநோய் வருவதும் இல்லை. இடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது, ஏற்கனவே இருந்த கட்டி கைக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். சின்னம்மாவுக்கு இதைச் சொல்ல அப்போது ஆள் இல்லை.

நான் வைத்தியர் இல்லை. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். காலையில் பிள்ளையை விட வரும் தாய்மார் என்னிடம் கேட்பார்கள், நானும் அவர்களோடு கிளினிக்குக்குப் போவேன். அப்படிப் போய்வந்து தெரிந்துகொண்டதையும், வைத்தியர்களிடமும் தாதிமாரிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டதையும் இதில் எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் எந்தப் பக்கம்?

உங்கள் மார்பில் ஒரு மாற்றமும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறீர்கள், ஆனாலும் பார்த்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்றால், அதற்குப் பெயர் முன்கூட்டிய பரிசோதனை. அதற்கு நாள் பார்த்து, லீவு பார்த்துப் போகலாம்.

ஏற்கனவே ஒரு மாற்றம் தெரிந்துவிட்டது என்றால், அது வேறு வழி. கிளினிக் நாள் வரட்டும், போயா கழியட்டும், சம்பளம் வரட்டும் என்று இருக்கக் கூடாது. என்னென்ன மாற்றம் என்று கேட்டால்: மார்பிலோ கக்கத்திலோ கட்டி அல்லது தடிப்பு, தோல் உள்ளே இழுத்துக் குழி விழுவது, தோடம்பழத் தோல் மாதிரி சொரசொரப்பது, முன்பு இல்லாமல் புதிதாகக் காம்பு உள்ளே போவது, காம்பைச் சுற்றி ஆறாத சொறி, பால் குடுக்காத காலத்தில் ஒரு பக்கக் காம்பிலிருந்து மட்டும் தானாக இரத்தமோ தண்ணீரோ வடிவது, ஒரு பக்கம் மட்டும் வடிவம் மாறுவது. இதில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே வைத்தியரைப் பாருங்கள். வயது இருபத்தைந்து என்றாலும் போக வேண்டும். பத்துக் கட்டியில் ஒன்பது புற்றுநோய் இல்லை என்பது உண்மை. ஆனால் எது அந்த ஒன்று என்பதைக் கையால் தடவிப் பார்த்து யாரும் முடிவு சொல்ல முடியாது.

கிளினிக்கில் "ஒன்றும் இல்லை" என்று சொல்லி இரண்டு மாதத்தில் புதிதாக ஏதாவது தெரிந்தாலும் இதே வழிதான். போன தடவை நல்லது என்று சொன்னது இந்தத் தடவைக்குச் செல்லாது.

உங்கள் உடம்பை நீங்கள் தெரிந்து வைத்திருப்பது

மாதத்துக்கு ஒரு தடவை தானே பார்த்துக்கொள்ளுங்கள், இருபது வயதிலிருந்து, என்று இலங்கையில் சொல்லிக் கொடுக்கிறார்கள். மாதவிடாய் தொடங்கி ஏழு முதல் பத்து நாளுக்குள் பார்ப்பது நல்லது, அப்போது மார்பு மென்மையாக இருக்கும். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சீனாவில் ஷங்ஹாய் நெசவாலைகளில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குச் சுயபரிசோதனையை முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள், மற்றப் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. 2002 இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் புற்றுநோயால் இறந்தவர் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. கற்றுக்கொண்ட பக்கத்தில், புற்றுநோய் அல்லாத கட்டிகளுக்குத் தேவையில்லாமல் ஊசியும் வெட்டும் போனது கூடுதல். அதனால்தான் பல நாடுகள் இப்போது மாதாமாதம் இன்ன முறையில் தடவ வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை, உங்கள் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருங்கள், மாறினால் வாருங்கள் என்கின்றன.

அப்படியென்றால் நமக்கு எது சரி? குளிக்கும்போது, உடுத்தும்போது கண்ணும் கையும் கவனமாக இருந்தால் போதும் என்று நான் சொல்வேன். லயத்தில் ஒரு காம்பராவில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பார்க்க எங்கே இடம்? பீலிக்கரையில் சோப்புப் போடும்போது விரல் தட்டையாகப் போனால் போதும். ஒரு மாதம் பார்க்கத் தவறினால் பயப்பட வேண்டாம். தானே பார்த்துவிட்டேன், கிளினிக்குக்கு எதற்கு என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வெல் வுமன் கிளினிக்

மலையகத்தில் இருக்கிற நமக்கு முக்கியமான படி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1996 முதல் இலங்கையில் நடக்கும் அரசாங்கக் கிளினிக் இது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அதாவது நாம் எம்.ஓ.எச். ஒபிஸ் என்று சொல்லும் இடம்தான் இதை நடத்துகிறது. சிங்களத்தில் 'சுவநாரி' என்று எழுதியிருப்பார்கள். நாம் வெல் வுமன் கிளினிக் என்கிறோம். முப்பத்தைந்து வயதுப் பெண்களை முக்கியமாக அழைப்பார்கள், நாற்பத்தைந்திலும் அழைப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு, எனக்கு ஐம்பத்திரண்டு, என்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று வராமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அப்படி இல்லை, மற்ற வயதினரும் போகலாம். காசு இல்லை.

மார்பகத்தைப் பொறுத்தவரை நம் நாட்டில் சொல்லப்படும் ஒழுங்கு இது: இருபதிலிருந்து நாற்பது வயது வரை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, நாற்பதுக்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, பயிற்சி பெற்ற ஒருவர் கையால் பரிசோதிக்க வேண்டும்.

கையால் பார்ப்பதில் என்ன கிடைத்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு மும்பையைச் சொல்வேன். அங்கே டாடா நினைவு வைத்தியசாலை 1998 இல் தொடங்கி இருபது வருடம் ஓர் ஆய்வு நடத்தியது. குடிசைப் பகுதிகளில் வாழும் ஒன்றரை இலட்சம் பெண்கள், முப்பத்தைந்திலிருந்து அறுபத்து நாலு வயது வரை. பாதிப் பேருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, பயிற்சி பெற்ற சுகாதார ஊழியப் பெண்கள் கையால் பரிசோதித்தார்கள். பெரிய மெஷின் ஒன்றும் கிடையாது. 2021 இல் முடிவு வெளியானது. பரிசோதித்த பக்கத்தில் நோய் முற்றாத நிலையிலேயே பிடிபட்டது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் குறைந்தவர்களில் அப்படி ஒரு குறைவு தெளிவாகத் தெரியவில்லை. குடிசைப் பகுதிக்கும் நம் லயத்துக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. ஐம்பது தாண்டிய நம் அம்மாமார்தான் "இனி நமக்கு எதுக்கு" என்று வீட்டில் இருக்கிறார்கள். முதலில் கூட்டிப்போக வேண்டியது அவர்களைத்தான்.

போவது எப்படி? உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளைப் பார்க்கத் தோட்டத்துக்கு வரும் அதே மிஸ்தான். எந்த நாள், எங்கே என்று அவருக்குத் தெரியும். பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பல இடங்களில் கிளினிக் மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான், அதனால் கேட்காமல் பஸ் ஏறிவிடாதீர்கள். கொழுந்து அதிகமாக இருக்கும் மாதத்தில் லீவு கேட்டால் கணக்கப்பிள்ளையோடு வாக்குவாதம் வரும், அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும் என்ற பயமும் நியாயமானதுதான். நாங்கள் செய்வது, ஆறேழு பேராகச் சேர்ந்து ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வைப்பது. தனியாகக் கேட்பவரை மறுப்பது சுலபம், ஏழு பேரை மறுப்பது கஷ்டம்.

நாள் பார்க்கும்போது மாதவிடாய் நாட்களைத் தவிருங்கள். மார்பு கனத்து வலிக்கும் நாளில் பரிசோதனை உங்களுக்கும் கஷ்டம், பார்ப்பவருக்கும் கஷ்டம். அதே கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் செய்வார்கள், அதற்கும் மாதவிடாய் இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம். பிரஷர், சீனி எல்லாம் அங்கேயே பார்ப்பார்கள்.

உடுப்பைப் பற்றி ஒரு விஷயம். மேலும் கீழும் தனித்தனியாக, முன்னால் பட்டன் உள்ள சட்டை போடுங்கள். முழு கவுண் போட்டு வந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும், அந்தக் கூச்சத்திலேயே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கும்? முதலில் கேள்விகள்: வயது, பிள்ளைகள், பால் குடுத்தீர்களா, அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ இந்த நோய் வந்ததா. அப்புறம் திரைக்குப் பின்னால் மேல் உடுப்பைக் கழற்றி உட்காரச் சொல்வார்கள். கையைத் தூக்கச் சொல்வார்கள், பிறகு இடுப்பில் வைத்து அழுத்தச் சொல்வார்கள். அப்போது தோலில் இழுப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். பிறகு படுக்க வைத்து, ஒரு கையைத் தலைக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். நன்றாகப் பரிசோதிப்பவரின் கையைப் பார்த்தால் தெரியும். நடு மூன்று விரல்களின் சதைப் பகுதியால், சின்னச் சின்ன வட்டமாக, முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, பிறகு நெஞ்செலும்பு வரை அழுத்திப் பார்ப்பார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று வரிசை பிடித்து, நாம் மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுப்பதைப் போல, ஒரு செடியும் விடாமல் போவார். கழுத்தெலும்பிலிருந்து மார்புக்குக் கீழ் வரை, அப்புறம் கக்கம். ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும். சட்டைக்கு மேலால் இரண்டு தடவை அழுத்திவிட்டு ஒன்றும் இல்லை என்றால் அது பரிசோதனை இல்லை. எனக்கே ஓர் இடத்தில் அப்படி நடந்திருக்கிறது. அன்றைக்குக் கேட்கத் தெரியவில்லை. இப்போதென்றால், "மிஸ், கழட்டிட்டு வடிவா பாருங்க" என்று பணிவாகக் கேட்பேன். நீங்களும் கேளுங்கள். பெண் ஒருவர்தான் பார்க்க வேண்டும் என்றாலும் சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பாஷைதான் பெரிய தடை. மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாவிட்டால், "தெமள கத்தா கரன கெனெக் இன்னவத?" என்று கேளுங்கள். தமிழ் பேசுகிற யாராவது இருக்கிறார்களா என்று அர்த்தம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வராதீர்கள். வீட்டுக்கு வரும் முன்னால் மூன்று கேள்விக்குப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஏதாவது இருக்கிறதா, அடுத்து எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வர வேண்டும்.

மேமோகிராம் எனக்குத் தேவையா?

மேமோகிராம் என்பது மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்ரே. கைக்குத் தட்டுப்படாத சின்னதையும் காட்டக்கூடியது. இதில் நாட்டுக்கு நாடு பேச்சு வேறு. அமெரிக்காவின் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2024 இல், நாற்பதிலிருந்து எழுபத்து நாலு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்று சொன்னது. 2016 இல் அதே குழு ஐம்பதிலிருந்துதான் எல்லோருக்கும் சொல்லியிருந்தது. இங்கிலாந்தில் ஐம்பதிலிருந்து எழுபத்தொரு வயது வரை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை அழைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஐம்பதிலிருந்து அறுபத்தொன்பது வரை, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்கிறது. அதுவும், தொடர்ந்து அழைத்து, படத்தைச் சரியாக வாசித்து, உடனே வைத்தியம் செய்யக்கூடிய நாடுகளுக்கு. அந்த வசதி குறைந்த நாடுகள் அறிகுறி உள்ளவர்களைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் முதலில் கவனம் வைக்க வேண்டும் என்கிறது.

வேறுபாடு ஏன்? வயது குறைந்தவர்களின் மார்பு அடர்த்தியானது. எக்ஸ்ரேயில் அடர்த்தியும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. மூடுபனிக்குள் வெள்ளை ஆட்டைத் தேடுகிற மாதிரி. நோயும் அந்த வயதில் குறைவு. அதனால் வீண் பயம் கூடுதலாகவும், பயன் குறைவாகவும் இருக்கும். ஐம்பதுக்குப் பிறகு கணக்கு மாறுகிறது.

பயனும் பாதகமும் எவ்வளவு என்று 2012 இல் இங்கிலாந்தில் ஒரு சுயாதீனக் குழு கணக்குப் பார்த்தது. ஐம்பது வயதிலிருந்து இருபது வருடம் 10,000 பெண்களை அழைத்தால், 43 பேர் மார்பகப் புற்றுநோயால் இறப்பது தடுக்கப்படுகிறது. அதே 10,000 பேரில் 129 பேருக்கு, உயிருள்ளவரை தொல்லை தந்திருக்காத ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு வைத்தியமும் நடக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் தெரிந்துகொண்டே முடிவு எடுங்கள். இதை மறைத்து மேமோகிராம் எடுத்தால் எல்லாம் சரி என்பவரையும் நம்ப வேண்டாம், அது ஏமாற்று வேலை என்பவரையும் நம்ப வேண்டாம்.

என் யோசனை இது. ஐம்பதிலிருந்து எழுபது வரை உள்ளவர்கள், வசதி கிடைத்தால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம், எடுப்பது நல்லது. நாற்பதுகளில் இருப்பவர்கள் வைத்தியரோடு பேசி முடிவு செய்யுங்கள். நாற்பதுக்குக் குறைந்தவர்களுக்கு, குடும்பத்தில் நோய் இல்லாவிட்டால், பரிசோதனைக்காக மேமோகிராம் தேவையில்லை. பிரைவேட்டில் சலுகை விலை என்று ஒக்டோபர் மாதத்தில் விளம்பரம் வந்தாலும் தேவையில்லை. அந்தக் காசை அம்மாவுக்குச் செலவழியுங்கள்.

அம்மா, அக்கா, தங்கச்சி, மகள் இவர்களில் ஒருவருக்கு, அதுவும் ஐம்பதுக்கு முன்னால் வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் சூலகப் புற்றுநோய் இருந்தால், மேலே சொன்ன வயதுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. வைத்தியரிடம் முதல் பேச்சிலேயே அதைச் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னதாகவே தொடங்கச் சொல்லலாம், எம்.ஆர்.ஐ. எடுக்கவும் சொல்லலாம். தாய் வழி மட்டும் இல்லை, தகப்பன் வழி அத்தைமாரையும் கணக்கில் சேருங்கள். எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

எங்கே எடுப்பது என்றால், மேமோகிராம் கருவி பெரிய வைத்தியசாலைகளில்தான் இருக்கும். கண்டி, பதுளை என்று போக வேண்டிவரலாம். கொழும்பில் நாரஹேன்பிட்டியில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் அரசாங்க நிலையம் ஒன்று இருக்கிறது, கொழும்புக்கு வேறு வேலையாகப் போகிறவர்கள் அதோடு சேர்த்துப் போய்வரலாம்.

எடுக்கப் போகும் அன்று பவுடர், சென்ட், கக்கத்துக்குப் பூசுவது ஒன்றும் வேண்டாம். படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து குழப்பும். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்துச் சில விநாடி அழுத்துவார்கள். வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன், ஆனால் படம் எடுத்ததும் விட்டுவிடுவார்கள். கதிர் அளவு மிகக் குறைவு. திரும்ப வரச் சொன்னால் அதுவே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் நூறு பேர் எடுத்தால் பத்துப் பேரளவில் மறுபடி கூப்பிடுகிறார்கள், அதில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருப்பதில்லை.

கட்டி என்று சொல்லிவிட்டால்

சின்னம்மாவோடு நான் போனது இந்தப் பாதையில்தான். எம்.ஓ.எச். அல்லது ஓ.பி.டி. வைத்தியர் ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார், அதோடு பெரிய வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போக வேண்டும். அங்கே மூன்றும் நடக்க வேண்டும்: கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் துணுக்கு எடுப்பது. இளம் வயதினருக்கு முதலில் ஸ்கேன், மற்றவர்களுக்கு மேமோகிராமும் ஸ்கேனும். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நிம்மதி. ஒன்று மாறினாலும் மறுபடி பார்ப்பார்கள்.

ஊசி குத்தினால் பரவும் என்று லயம் முழுக்கப் பேச்சு. சின்னம்மாவும் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். பரவாது. அந்த ஊசி இல்லாமல் அது என்ன வகை, எந்த மருந்து கேட்கும் என்று வைத்தியருக்கே தெரியாது. மரத்துப்போக மருந்து போட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதை முன்னாலேயே தெரிந்துகொண்டால் பதற மாட்டீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு, முதல் தடவை காட்டிய நாளிலிருந்து அறுபது நாளுக்குள் என்ன நோய் என்று தெரிந்துவிட வேண்டும் என்பது. அந்த அறுபதைக் கலண்டரில் எண்ணுங்கள். திகதி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தால் போய்க் கேளுங்கள். சின்னம்மாவின் ரிப்போர்ட் ஓர் இடத்தில் மூன்று வாரம் அப்படியே கிடந்தது, நாங்கள் போய்க் கேட்ட பிறகுதான் எடுத்துத் தந்தார்கள். அப்புறம் சத்திரசிகிச்சை, மருந்தேற்றுவது, நாம் கரண்ட் பிடிப்பது என்று சொல்லும் கதிர் சிகிச்சை எல்லாம் நடந்தது. அரசாங்க வைத்தியசாலை என்பதால் அதற்குக் காசு கேட்கவில்லை, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும்தான் செலவு. நடுவில் ஒரு நாள் நாட்டு மருந்துக்காரர் ஒருவரிடம் போகலாம் என்று சொந்தக்காரர்கள் இழுத்தார்கள். பத்தியம் வேண்டுமானால் பிறகு பார்க்கலாம், முதலில் இதை முடிப்போம் என்று நின்றுகொண்டேன்.

வீட்டு ஆண்களையும் ஒரு தடவை கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். சித்தப்பா முதல் நாள் வெளியே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார், மூன்றாம் தடவை அவரே துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். மிகக் குறைவாக ஆண்களுக்கும் இந்த நோய் வரும், மார்பில் கட்டி என்றால் அவர்களும் காட்ட வேண்டும்.

கிளினிக் கொப்பி, படம், ரிப்போர்ட், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு தடித்த பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். இங்கே மழைக்கு நேரம் காலம் கிடையாது. அடுப்பு மேல் பரணில் வைக்காதீர்கள், புகையில் படம் கறுத்துவிடும். சின்னம்மாவின் பை இப்போதும் ட்ரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை அதை எடுத்துக்கொண்டு, தன் மகள்கள் இரண்டு பேரையும் முன்னால் விட்டு, பஸ்ஸுக்கு நடக்கிறார்.